நர்ஸ் ஆராய்ச்சியாளர் ஆக அரசு பணம் தருமா? எம்.எஸ்சி நர்சிங் முடித்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

சென்னையின் மேற்குப் பகுதியில் கரையான்சாவடியைச் சுற்றி நர்சிங் கல்லூரிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பக்கம் போரூர், இன்னொரு பக்கம் தண்டலம், நெடுஞ்சாலையை ஒட்டி வேலப்பன்சாவடி. எல்லாம் பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பகுதி வீடுகளில் இருந்து ஏராளமான பெண்கள் இந்தக் கல்லூரிகளில் படித்து, இங்குள்ள மருத்துவமனைகளிலேயே வேலைக்கும் சேர்கிறார்கள்.

பி.எஸ்சி நர்சிங் படிக்கலாம், எம்.எஸ்சி நர்சிங் படிக்கலாம். அதற்கு மேல் 'நான் ஆராய்ச்சி செய்ய வேண்டும், பிஎச்.டி முடிக்க வேண்டும்' என்று ஒரு நர்ஸ் நினைத்தால் என்ன ஆகும்? மூன்று, நான்கு வருடம் சம்பளம் இல்லாமல் யார் பார்த்துக்கொள்வார்கள்? அரசு உதவித்தொகை கிடைக்குமா?

அமெரிக்காவில் இதற்கென்றே தனி அரசு நிறுவனம் இருக்கிறது. கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்து, 'நர்ஸ் ஆராய்ச்சியாளர்களை உருவாக்குங்கள்' என்று சொல்கிறது. இந்தியாவில் என்ன நிலைமை? விரிவாகப் பார்க்கலாம்.

நர்ஸ் எதற்கு ஆராய்ச்சி செய்ய வேண்டும்?

'ஆராய்ச்சி என்றால் டாக்டர்களும் விஞ்ஞானிகளும் செய்வது, நர்ஸுக்கு எதற்கு?' என்ற கேள்வி பலருக்கும் வரும். இரண்டு உதாரணங்களைப் பார்த்தால் புரியும்.

முதல் உதாரணம், ஒரு நர்ஸ் எத்தனை நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்பது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக நர்சிங் பேராசிரியர் லிண்டா எய்கன் தலைமையிலான குழு, 2002-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2.3 லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளின் விவரங்களை அந்தக் குழு அலசியது. ஒரு நர்ஸ் கவனிக்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினாலே, 30 நாட்களுக்குள் நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. 'வார்டில் ஆள் பத்தவில்லை' என்று நர்ஸ்கள் காலம் காலமாகச் சொல்லி வந்த புகாருக்குப் பின்னால், உயிர் சம்பந்தப்பட்ட ஒரு எண் வந்து நின்றது. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க அரசின் தேசிய நர்சிங் ஆராய்ச்சி நிறுவனம்.

இரண்டாவது, படுக்கைப் புண். படுத்த படுக்கையாக இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது நர்சிங் பாடத்தில் எல்லோரும் படிப்பது. அமெரிக்கா, கனடாவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நடந்து 2013-ல் வெளியான ஒரு ஆய்வு, 2, 3, 4 மணி நேர இடைவெளிகளை ஒப்பிட்டுப் பார்த்தது. நல்ல அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்திருப்பவர்களுக்கு மூன்றிலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று முடிவு வந்தது.

சரி, இந்த முடிவு திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் ஒரு அரசு மருத்துவமனைக்குப் பொருந்துமா? இங்கே மெத்தை வேறு, வெயில் வேறு. நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது பல நேரங்களில் கூட இருக்கும் சொந்தக்காரர்தான். இங்கே ஆராய்ச்சி செய்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். அந்தக் கேள்வியை முதலில் கேட்கக்கூடியவர், தினமும் அந்தப் படுக்கை பக்கத்தில் நிற்கும் நர்ஸ்தான்.

சென்னையில் நடந்த ஒரு முன்னுதாரணம்

இதற்குச் சென்னையிலேயே ஒரு வரலாறு உண்டு. 1956-ல் இங்கே காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. ஐசிஎம்ஆர், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான்.

டி.பி வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் இருந்தே ஆக வேண்டும் என்று நம்பப்பட்ட காலம் அது. வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்துக்கு இணையாகக் குணமாகும் என்று 1959-ல் வெளியான சென்னை ஆய்வு காட்டியது. உலகம் முழுவதும் டி.பி சிகிச்சையின் போக்கு மாறியது.

அந்த ஆய்வு டாக்டர்களின் கிளினிக்கோடு முடிந்துவிடவில்லை. நோயாளி ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாரா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. நோயாளியின் வீட்டுக்குள் போய், அவரிடம் பேசி, உண்மை நிலவரத்தைத் தெரிந்துகொள்வது செவிலியர்களும் சுகாதாரப் பணியாளர்களும் செய்கிற வேலை. தகவல் சேகரிக்க ஆள் வேண்டும் என்றால் அவர்களைக் கூப்பிடுகிறோம். கேள்வியை உருவாக்கி ஆய்வுக்குத் தலைமை தாங்கும் இடத்துக்கு அவர்கள் வர வேண்டும் என்றால், தனியாகப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்குப் பணம் வேண்டும்.

அமெரிக்கா எப்படிச் செய்கிறது?

அமெரிக்காவிலும் இது சுலபமாக வந்துவிடவில்லை. 1985-ல் நர்சிங் ஆராய்ச்சிக்கு ஒரு மையம் அமைக்கும் பிரிவு அடங்கிய சட்டத்தை அதிபர் ரீகன் தன் வீட்டோ அதிகாரத்தால் தடுத்தார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்தத் தடையை மீறி சட்டத்தை நிறைவேற்றியது. 1986-ல் மையம் உருவானது. 1993-ல் அது முழு அளவிலான தேசிய நர்சிங் ஆராய்ச்சி நிறுவனமாக உயர்ந்தது.

அங்கு பயிற்சிக்கான பணம் இரண்டு வழிகளில் போகிறது. ஒன்று, தனி நபருக்கு நேரடியாக ஃபெல்லோஷிப். இன்னொன்று, 'டி-32' என்று சொல்லப்படும் நிறுவன மானியம். இந்த இரண்டாவதுதான் முக்கியமானது. அது எப்படி வேலை செய்கிறது என்றால்:

• பணம் மாணவருக்கு நேரடியாகப் போகாது, பல்கலைக்கழகத்துக்குப் போகும். பொதுவாக 5 ஆண்டுகளுக்கு ஒரு மானியம்.

• எந்தத் துறையில் பயிற்சி, யார் வழிகாட்டிகள், எத்தனை பேருக்கு இடம் என்பதைப் பல்கலைக்கழகம் திட்டமாக எழுதி, போட்டி போட்டு வாங்க வேண்டும். யாரைச் சேர்ப்பது என்பதையும் அதுவே முடிவு செய்யும்.

• சேர்க்கப்படும் நர்ஸுக்கு மாதாந்திர உதவித்தொகை, கட்டணத்தில் ஒரு பகுதி, மாநாடு போய் வரும் செலவு எல்லாம் இதில் அடங்கும். 2024 நிதியாண்டில் பிஎச்.டி மாணவருக்கான உதவித்தொகை ஆண்டுக்கு 28,224 டாலர்.

• அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே. ஸ்டூடன்ட் விசாவில் போகும் நம்ம ஊர் நர்ஸ் இதில் சேர முடியாது.

நிறுவனத்துக்குக் கொடுப்பதில் என்ன லாபம்? ஒரு நபருக்குக் கொடுத்தால் ஒருவர் பிஎச்.டி முடிப்பார். நிறுவனத்துக்குக் கொடுத்தால் அங்கே வழிகாட்டிகள், புள்ளியியல் உதவி, சீனியர், ஜூனியர் என்று ஒரு செட்டே உருவாகும். ஒரு பேட்ச் போனாலும் அடுத்த பேட்ச் வரும்.

ஆனால் அங்கேயும் இது நிரந்தரம் என்று சொல்லிவிட முடியாது. 2025 மே மாதம் வெளியான அதிபர் டிரம்ப் அரசின் பட்ஜெட் முன்மொழிவு, 2026 நிதியாண்டில் இந்த நர்சிங் ஆராய்ச்சி நிறுவனத்துக்கான நிதியையே நீக்கப் பரிந்துரைத்தது. அங்கே பணம் ஒதுக்கும் இறுதி அதிகாரம் காங்கிரஸிடம்தான் இருக்கிறது. ஆனாலும் 30 ஆண்டுகளுக்கு மேல் இயங்கும் ஒரு அமைப்பும் ஒரே பட்ஜெட்டில் கேள்விக்குள்ளாகலாம் என்பதை இது காட்டியது.

பிரிட்டனில் வேறு மாதிரி. 2006-ல் தொடங்கப்பட்ட அந்நாட்டு அரசின் சுகாதார ஆராய்ச்சி நிறுவனம், நர்ஸ்கள் உள்ளிட்ட பணியாளர்களுக்கு வழங்கும் பிஎச்.டி ஃபெல்லோஷிப்பில் அவர்களின் சம்பளத்தையே ஏற்றுக்கொள்கிறது. வேலையை விட்டுவிட்டுப் படிக்க வேண்டிய கட்டாயம் குறைகிறது.

இந்தியாவில் என்ன இருக்கிறது?

நர்சிங் உயர்கல்வி இந்தியாவுக்குப் புதிதல்ல. 1946-லேயே டெல்லியிலும் வேலூர் சிஎம்சி-யிலும் பி.எஸ்சி நர்சிங் தொடங்கிவிட்டது. 1959-ல் டெல்லியில் எம்.எஸ்சி நர்சிங் வந்தது. 2000-களின் நடுவில் இந்திய நர்சிங் கவுன்சில், பெங்களூரு ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு பிஎச்.டி-க்கான தேசியக் கூட்டமைப்பை உருவாக்கியது. வேலூர் சிஎம்சி அதன் ஆய்வு மையங்களில் ஒன்று. தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் நர்சிங்கில் பிஎச்.டி செய்யலாம்.

ஆக, படிப்பு இருக்கிறது, பட்டமும் இருக்கிறது. சிக்கல் பணத்தில்தான்.

சிக்கல் 1: நெட் தேர்வில் நர்சிங் இல்லை

இந்தியாவில் பிஎச்.டி மாணவருக்கு அரசு உதவித்தொகை கிடைக்கும் பெரிய வாசல் நெட் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் தகுதி பெற்றால், 2023 ஜனவரி முதல் அமலில் உள்ள விகிதப்படி, முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அடுத்த 3 ஆண்டுகளுக்கு மாதம் 42,000 ரூபாய். கணக்குப் போட்டால் 5 ஆண்டில் 24 லட்சம் ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி.

ஆனால் யுஜிசி நெட் பாடப் பட்டியலில் 'நர்சிங்' என்ற தனிப் பாடம் கிடையாது. அறிவியல் பாடங்களுக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்விலும் இல்லை. தமிழ், வரலாறு, உயிரியல் படித்தவருக்குத் திறந்திருக்கும் வாசல், எம்.எஸ்சி நர்சிங் படித்தவருக்கு நேரடியாகத் திறப்பதில்லை.

ஒரு சின்ன ஜன்னல் உண்டு. தன் முதுநிலைப் பாடம் பட்டியலில் இல்லாதவர், தொடர்புடைய பாடத்தில் நெட் எழுதலாம். 'சோஷியல் மெடிசின் அண்ட் கம்யூனிட்டி ஹெல்த்' என்ற பாடம் பட்டியலில் இருக்கிறது. கம்யூனிட்டி ஹெல்த் நர்சிங் படித்தவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். ஆனால் அந்தத் தகுதியை வைத்து நர்சிங் பிஎச்.டி-யில் உதவித்தொகை பெற முடியுமா என்பதை, சேரப்போகும் பல்கலைக்கழகத்தில் முன்கூட்டியே எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

சிக்கல் 2: பிஎச்.டி 'இருந்தால் நல்லது'

நர்சிங் கல்லூரி முதல்வர், பேராசிரியர் பதவிகளுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் விதிமுறை எம்.எஸ்சி நர்சிங்கோடு ஆண்டுக்கணக்கில் அனுபவம் கேட்கிறது. பிஎச்.டி 'விரும்பத்தக்கது' என்று மட்டுமே சொல்கிறது. கட்டாயம் இல்லை.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. பிஎச்.டி-யைக் கட்டாயமாக்கினால் பல கல்லூரிகளுக்கு முதல்வரே கிடைக்க மாட்டார். ஆனால் இதன் விளைவு, சொந்தப் பணம் போட்டு, வருடக்கணக்கில் உழைத்து பிஎச்.டி முடித்தாலும் பதவியிலோ சம்பளத்திலோ பெரிய மாற்றம் வரும் என்ற உத்தரவாதம் இல்லை.

சிக்கல் 3: பணம் கட்டடத்துக்கும் சீட்டுக்கும் போகிறது

அரசு நர்சிங்குக்குப் பணமே ஒதுக்குவதில்லை என்று சொல்ல முடியாது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை, மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து 157 புதிய நர்சிங் கல்லூரிகள் அமைக்க 1,570 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. ஒரு கல்லூரிக்கு 10 கோடி. இதன் மூலம் ஆண்டுதோறும் சுமார் 15,700 நர்ஸ்கள் உருவாவார்கள் என்று சொல்லப்பட்டது.

இதில் தமிழ்நாட்டின் பங்கு 11. இங்கே 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டது நினைவிருக்கலாம். கரையான்சாவடி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியும் அந்தப் பட்டியலில் ஒன்று.

நல்ல விஷயம்தான். இந்தியாவுக்கு நர்ஸ்கள் தேவை. ஆனால் இத்தனை கல்லூரிகளில் பாடம் நடத்தப்போவது யார்? மாணவிகளுக்கு ஆராய்ச்சி முறைகளைச் சொல்லிக்கொடுக்கப்போவது யார்? பி.எஸ்சி நர்சிங்கிலேயே நர்சிங் ஆராய்ச்சியும் புள்ளியியலும் பாடமாக இருக்கிறது. மாணவிகள் ஒரு ப்ராஜெக்ட் செய்தாக வேண்டும். சொந்தமாக ஒரு ஆய்வுகூடச் செய்யாத ஆசிரியர் வழிகாட்டினால், அந்த ப்ராஜெக்ட் 20 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து வாங்குவதோடு நின்றுவிடும்.

சிக்கல் 4: முட்டையா, கோழியா?

'ஐசிஎம்ஆர் ஆராய்ச்சி மானியம் தருகிறதே, நர்ஸ் விண்ணப்பிக்கக் கூடாதா?' என்று கேட்கலாம். விண்ணப்பிக்கலாம். ஆனால் ப்ராஜெக்ட் மானியம் என்பது ஏற்கெனவே ஆராய்ச்சி தெரிந்தவருக்கான பணம். பொதுவாக ஒரு நிறுவனத்தில் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும், ஆய்வுக் கட்டுரைகள் இருக்க வேண்டும், டாக்டர்களோடும் விஞ்ஞானிகளோடும் போட்டி போட வேண்டும். அனுபவம் இருந்தால்தான் மானியம். மானியம் இருந்தால்தான் அனுபவம்.

மருத்துவ மாணவர்களுக்கு இந்த வட்டத்தை உடைக்க ஒரு வழி 1979-லேயே வந்தது. எம்பிபிஎஸ் படிக்கும்போதே 2 மாத ஆய்வு செய்து உதவித்தொகை பெறும் ஐசிஎம்ஆர்-இன் எஸ்டிஎஸ் திட்டம் அது. எம்பிபிஎஸ், பல் மருத்துவ மாணவர்களை மனதில் வைத்து உருவானது. அதே அளவில், அதே பெயரோடு நர்சிங் மாணவிகளுக்கு ஒரு திட்டம் வளரவில்லை.

அப்படியானால் இப்போது என்னதான் வழி?

நர்சிங்குக்கென்றே தனி வாசல் இல்லாவிட்டாலும், பொது வாசல்கள் சில இருக்கின்றன.

1. சமூக நலத் துறைகளின் உதவித்தொகை: முழுநேர பிஎச்.டி படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை வழங்குகிறது. வருமான வரம்பு உண்டு. பழங்குடியினருக்கு மத்திய அரசின் தேசிய ஃபெல்லோஷிப்பும் உண்டு. அதில் ஆண்டுக்கு 750 இடங்கள்.

2. மருத்துவ ஆராய்ச்சித் துறையின் திட்டங்கள்: மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் உள்ள இந்தத் துறையின் மனிதவள மேம்பாட்டுத் திட்டத்தில் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கும், குடும்பக் காரணங்களால் இடைவெளி விட்ட பெண்களுக்கும் தனித்தனி ஃபெல்லோஷிப்கள் உள்ளன. கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்ட நர்சிங் பட்டதாரிகள் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது. தகுதி விவரங்களை ஒவ்வொரு ஆண்டு அறிவிப்பிலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. மருத்துவக் கல்லூரியோடு கூட்டு: சென்னை மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட சில அரசு மருத்துவக் கல்லூரிகளில் மத்திய அரசு நிதியில் பல்துறை ஆராய்ச்சிப் பிரிவுகள் இயங்குகின்றன. தனியாக மானியம் கேட்பதைவிட, இப்படி ஒரு குழுவில் இணை ஆய்வாளராகச் சேர்ந்து முதல் அனுபவத்தைப் பெறுவது நடைமுறையில் எளிது.

4. பக்கத்திலேயே இருக்கும் பயிற்சி: அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில் ஐசிஎம்ஆர்-இன் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. ஆவடியில் இயங்கிய தொழுநோய் ஆராய்ச்சிப் பிரிவும், மருத்துவப் புள்ளியியல் நிறுவனமும் 1999-ல் இணைந்து உருவானது இது. 'ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ்' என்ற இதன் ஆன்லைன் கோர்ஸை என்பிடெல் தளத்தில் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தும் மொபைலிலேயே பார்க்கலாம்.

விண்ணப்பிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

• பகுதிநேரமா, முழுநேரமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான உதவித்தொகைகள் முழுநேர மாணவர்களுக்குத்தான். வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் படித்தால் சம்பளம் வரும், உதவித்தொகை வராது.

• வழிகாட்டிக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, அவரிடம் காலியிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

• நோயாளிகளை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதி கட்டாயம். அனுமதி வாங்காமல் சேகரித்த தகவலைப் பிறகு பயன்படுத்த முடியாது.

• 'பணம் கட்டினால் பிஎச்.டி, தீசிஸும் நாங்களே எழுதித் தருகிறோம்' என்று சொல்லும் ஏஜென்ட்களிடம் போகக் கூடாது. திருட்டுத் தீசிஸ் என்று நிரூபணமானால் பட்டமே பறிபோகலாம்.

அடுத்து என்ன?

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு செவிலியர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. 1947-ன் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக வந்தது இது. கல்வித் தரம், கல்லூரி அங்கீகாரம், பதிவு ஆகியவற்றைப் பற்றி இந்தச் சட்டம் விரிவாகப் பேசுகிறது. ஆராய்ச்சிப் பயிற்சிக்கான பணத்தைச் சட்டம் கொடுக்காது, பட்ஜெட்தான் கொடுக்க வேண்டும்.

அதற்குப் பெரிய தொகை தேவையில்லை. ஜேஆர்எஃப் விகிதத்திலேயே கணக்கிட்டால், 10 நர்ஸ்களுக்கு 5 ஆண்டு முழுநேர உதவித்தொகை 2 கோடியே 40 லட்சம் ரூபாய். ஒரு புதிய நர்சிங் கல்லூரிக்கு மத்திய அரசு ஒதுக்கும் 10 கோடியில் கால் பங்குகூட இல்லை. 157 கல்லூரிகளில் நல்ல வழிகாட்டிகள் இருக்கும் ஒரு சிலவற்றைத் தேர்ந்தெடுத்து இப்படிக் கொடுத்தால், மற்ற கல்லூரிகளுக்குத் தேவையான ஆசிரியர்கள் அங்கிருந்தே வரலாம்.

இந்தியாவில் பதிவு செய்த நர்சிங் பணியாளர்கள் 30 லட்சத்துக்கும் அதிகம். பொது வார்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள், அது கூடும்போது என்ன நடக்கிறது, வீட்டுக்கு அனுப்பிய நோயாளி எதனால் திரும்ப வந்து அட்மிட் ஆகிறார் என்பதெல்லாம் அவர்கள் தினமும் பார்ப்பவை. பார்த்ததை ஆதாரமாக மாற்றக் கற்றுக்கொள்ளும் 3 ஆண்டுகளுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற கேள்விக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.